பத்துக் கிலோ ஒத்திகை

என் தங்கை சிம்பாங் அம்பாட்டிலிருந்து கடல் பாலத்தைத் தாண்டி, புருஷனையும் கூட்டிக்கொண்டு, வெற்றிலை பாக்குத் தட்டோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, நான் குளியலறையில் என் கால்சட்டையை அலசிக்கொண்டிருந்தேன். காலை பதினொரு மணி. அன்றைக்கு அது இரண்டாவது கால்சட்டை.

"வாங்க, வாங்க, என்ன திடீர்னு!" என்று என் மனைவி வழக்கத்தைவிடச் சத்தமாகச் சொன்னாள். அந்தச் சத்தம் எனக்காக. அவசரமாக உடை மாற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். தட்டில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், ஆரஞ்சு, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பத்திரிகை. என்னைவிட எட்டு வயது இளையவள் என் தங்கை. சின்ன வயதில் என் முதுகில் ஏறி யானை ஓட்டியவள். அவள் தட்டை இரண்டு கைகளாலும் நீட்டினாள்.

"அண்ணே, பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க. பேத்திக்குக் காது குத்துறோம். என் மகளுக்குக் கூடப் பொறந்தவன் கெடையாது. அவளுக்கும் நீங்கதான் மடி குடுத்தீங்க, அவ புள்ளைக்கும் நீங்கதான் குடுக்கணும்."

எந்தப் பழசு என்று எனக்கு விளங்கவில்லை. பத்திரிகையைப் பிரித்தேன். என் பெயர் முதல் வரியில், தங்க எழுத்தில். தங்கை புருஷனின் அண்ணன் பெயர்கூட எனக்குக் கீழேதான். என் மச்சான் தொண்டையைச் செருமினார்.

"முதல்ல அடிச்சதுல உங்க பேரு கொஞ்சம் கீழ போயிடுச்சு, மச்சான். அதைக் கிழிச்சுப் போட்டுட்டு வேற அடிச்சாச்சு. என் அறுபதாம் கல்யாணத்துல நடந்த தப்பு மறுபடியும் நடக்காது லா."

அப்போதுதான் மண்டையில் ஏறியது. இரண்டு வருஷமாக நான் எந்த விசேஷத்துக்கும் போகவில்லை. மச்சானின் அறுபதாம் கல்யாணம், தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசம், அவள் மகளின் வளைகாப்பு. ஒன்றுக்குக் காய்ச்சல் என்றேன். ஒன்றுக்கு முழங்கால் வலி. இன்னொன்றுக்குக் கார் கிளம்பவில்லை என்று புளுகினேன். நம் ஆட்களிடம் தாய்மாமன் ஒரு விசேஷத்துக்கு வராவிட்டால் உடம்புக்கு முடியவில்லை என்பார்கள். இரண்டுக்கு வராவிட்டால் கோபம். மூன்றாவதுக்கும் வராவிட்டால் பகை. காரணத்தையும் அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். அறுபதாம் கல்யாணப் பத்திரிகையில் என் பெயர் கடைசியில் இருந்ததாம்.

உண்மை என்னவென்றால், அந்த இரண்டு வருஷமும் நான்கு நிமிஷத்தில் ஒரு கக்கூஸை எட்ட முடியாத எந்த இடத்துக்கும் நான் போகவில்லை.

அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். வெட்கம் விடவில்லை. ஆனால் 'மடி' என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குள் ஏதோ துள்ளிக் குதித்தது. தட்டை வாங்கிக்கொண்டேன். "என் மடி இருக்கும்போது வேற எந்த மடியில வெப்பீங்க? வரேன், வரேன்!" என்று கத்தியே விட்டேன். தங்கை முகம் மலர்ந்துவிட்டது. சமையலறையில் என் மனைவி குழாயை மூடிவிட்டு எட்டிப் பார்த்தாள்.

என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முப்பத்து மூன்றாவது வயதில் என் பெருங்குடல் முழுக்கப் புண்ணாகி ரத்தமாகக் கொட்டியது. மருந்துகள் கைவிட்ட பிறகு கோலாலம்பூரில் பெருங்குடலை அப்படியே எடுத்துவிட்டார்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதியை மடித்து, உள்ளேயே ஒரு பையாகத் தைத்து, ஆசனவாயோடு இணைத்தார்கள். ஆங்கில ஜே எழுத்து மாதிரி இருக்கும் என்று டாக்டர் தாளில் வரைந்து காட்டினார். அந்த உள்பை ஆறும்வரை சில மாதம் வயிற்றுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் பை.

அந்தச் சில மாதத்துக்குள்தான் தங்கை மகளுக்குக் காது குத்து வந்தது. நான் யோசிக்கவே இல்லை. சட்டைக்குள் பையோடு போய் உட்கார்ந்தேன். பிள்ளை உதைத்த உதை நேராகப் பையில் விழுந்தது. பை தாங்கியது. "குண்டு வெடிக்கல!" என்று நானே எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தேன். முப்பத்து மூன்று வயதில் மனிதனுக்கு வெட்கம் குறைவு.

பிறகு வெளிப்பையை எடுத்தார்கள். உள்பை என்னைக் கைவிடவில்லை. ஒரு நாளைக்கு ஆறேழு தடவை போக வேண்டும், அவ்வளவுதான். முப்பது வருஷம் லெபோ பந்தாயில் கப்பல் சரக்குக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தேன். காரக் குழம்பு ஊற்றிய நாசி கண்டார் சோறு தின்றேன், பந்து விளையாட்டுக்குப் போய்க் கத்தினேன், கல்யாண வீடுகளில் ஆடினேன். என் உள்ளே ஒரு தையல் பை இருப்பதே பாதி நாள் நினைவில் இருக்காது.

அறுபதைத் தாண்டியதும் பை தன் வயதைக் காட்ட ஆரம்பித்தது. முதலில் தூக்கத்தில் ஒரு சின்னக் கறை. பிறகு பகலில். இருமினால், குனிந்தால், மார்க்கெட் பையைத் தூக்கினால் ஒழுகியது. டாக்டரிடம் போனால் மறுபடி வெளிப்பையைக் கட்டிவிடுவார்கள் என்று பயந்து போகாமலே இருந்தேன். அதற்குப் பதிலாக எல்லா அழைப்புக்கும் 'வர முடியாது' என்று சொல்லப் பழகிக்கொண்டேன். அது டாக்டரிடம் போவதைவிடச் சுலபமாக இருந்தது.

தங்கை கார் எங்கள் கெலுகோர் தெரு முனை திரும்பியதுமே என் மனைவி இடுப்பில் கை வைத்தாள்.

"வரேன்னு வாக்குக் குடுத்துட்டீங்க. ஒண்ணு டாக்டரப் போய்ப் பாருங்க. இல்லன்னா நானே போன் போட்டு எல்லாத்தையும் சொல்லிடுவேன்."

அவள் செய்யக்கூடியவள். போனேன்.

டாக்டர் உள்ளே குழாய் விட்டுப் பார்த்தார். பையில் வீக்கம் இல்லை, ஆசனவாயை மூடும் தசைதான் தளர்ந்திருக்கிறது என்றார். ஒழுகலுக்குச் செய்ய நிறைய இருக்கிறதாம். இரண்டு வருஷம் முன்னாலேயே வந்திருக்கலாமே என்று கேட்டுவிட்டு, அங்கிருந்த மலாய் நர்ஸ் மிஸ்ஸியிடம் அனுப்பினார். அந்த மிஸ்ஸிக்கு என் தங்கை மகள் வயதுதான் இருக்கும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு மென்று விழுங்கியதைப் பார்த்து, "ஜாங்ஙான் மாலு லா, பாக்சிக்" என்றாள். வெட்கப்படாதீங்க பெரியவரே என்று அவள் சொன்ன விதத்தில், வீட்டுக் குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேசுவது போல எனக்கும் வாய் திறந்துவிட்டது.

தசையை இறுக்கி விடும் பயிற்சி சொல்லிக் கொடுத்தாள். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் குடலை நிதானப்படுத்தும் மாத்திரை. தோல் வெந்து போகாமல் களிம்பு. ஒழுகலை உறிஞ்ச உள்ளாடைக்குள் வைக்கும் பேடை எந்தப் பக்கம் வைத்தால் நகராது என்பதுவரை சொன்னாள். கடைசியில் மலாயில் கேட்டாள்: "உங்களுக்கு என்ன செய்ய முடிய வேண்டும், பாக்சிக்?"

"ஒரு குழந்தையைக் கால் மணி நேரம் மடியில் வைத்திருக்க வேண்டும்."

"எவ்வளவு கனம்?"

எனக்குத் தெரியவில்லை. மிஸ்ஸி சிரித்தாள். கனத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதே கனத்தை மடியில் வைத்து வீட்டில் பழகுங்கள் என்றாள்.

எனக்கு வந்த உற்சாகத்தைச் சொல்லி முடியாது! ஆஸ்பத்திரி வாசலிலேயே தங்கைக்குப் போன் போட்டேன். "பேத்தி எத்தன கிலோ?" அவள் திகைத்துப் போய், "ஒம்பதரை இருக்கும்ணே, ஏன்?" என்றாள். "சும்மாதான்!" வீட்டுக்குப் போகிற வழியில் பத்துக் கிலோ அரிசி மூட்டை ஒன்று வாங்கினேன்.

மறுநாள் காலை வேட்டி கட்டி, மணையில் சம்மணம் போட்டு, மூட்டையை மடியில் ஏற்றினேன். நாலாவது நிமிஷமே ஒழுகிவிட்டது. நான் சோர்ந்து போவேன் என்று நினைத்தீர்களா? முப்பது வருஷம் கப்பல் வரும் நேரம், போகும் நேரம் எழுதிய கை இது. ஒரு நோட்டை எடுத்து என் வயிற்றுக்கு அட்டவணை போட்டேன். கஞ்சி குடித்தால் எத்தனை மணிக்கு வருகிறது, வாழைப்பழம் சேர்த்தால் எப்படி, காப்பியை விட்டால் எப்படி. மூன்றாம் நாளே பிடிபட்டது. விடிகாலைக் கஞ்சி, மாத்திரை, இரண்டரை மணி கழித்துப் போய்ப் பையைக் காலி செய்துவிட்டால் அடுத்த ஒரு மணி நேரம் ஓரளவு என் கையில்.

"புள்ள சும்மாவா ஒக்காந்திருக்கும்?" என்றாள் என் மனைவி. எதிரே உட்கார்ந்து மூட்டையைப் பிடித்து உலுக்கினாள். என் அடிவயிற்றில் குத்தினாள். பிள்ளை உதைப்பதாம். அவள் குத்திய வேகத்தைப் பார்த்தால் அதில் முப்பத்தைந்து வருஷத்துக் கணக்கு இருந்தது. நான் தசையை இறுக்கிக்கொண்டு சிரிக்க, சிரித்ததில் ஒழுக, மறுபடி முதலிலிருந்து. பன்னிரண்டாம் நாள் கால் மணி நேரம் முழுசாகத் தாண்டினேன். ஒரு சொட்டு இல்லை! மூட்டையைத் தூக்கி முத்தம் கொடுத்தேன். விசேஷம் முடியும்வரை அதைச் சமைக்கக் கூடாது என்று உத்தரவும் போட்டேன்.

விசேஷ நாளான ஞாயிற்றுக்கிழமை ஜார்ஜ்டவுன் கோயிலுக்கு நாங்கள்தான் முதலில் போய்ச் சேர்ந்தோம். ஒன்பதிலிருந்து பத்தரை வரை நல்ல நேரம், ஒன்பதே காலுக்குக் காது குத்து. எட்டரைக்குக் கோயில் பின்கட்டில், சமையல் கொட்டகையைத் தாண்டியிருந்த கக்கூஸில் என் வேலையை முடித்தேன். மாமன் சீர் தட்டில் கம்மல், பட்டுப் பாவாடை, பழம். புது வேட்டி, புதுப் பேட். காது குத்தும் பத்தரும் ஊசியோடு தயார். மாப்பிள்ளை மாதிரி நின்றேன்.

ஒன்பதே காலுக்குப் போன் வந்தது.

"அண்ணே, பாலத்துல ஜேம். லோரி ஒண்ணு நடுவுல படுத்துக்கிச்சு. வேன் நகரவே மாட்டேங்குது."

என் அட்டவணையில் லோரிக்கு இடம் இல்லை. ஒன்பதே முக்காலுக்கு இன்னொரு தடவை போய் வந்தேன். பதற்றத்தில் குடல் வேகமாக ஓடும் என்பது எனக்குத் தெரியாதது இல்லை. பத்து மணிக்கு மறுபடி முட்டியது. இப்போது போய் வந்துவிடலாம் என்று எழுந்தேன், வாசலில் தங்கை வீட்டு வேன்கள் இரண்டும் வந்து நின்றன.

"மாமா, வாங்க வாங்க, நேரம் போவுது!" யாரோ கையைப் பிடித்து இழுத்தார்கள். யாரோ கழுத்தில் மாலை போட்டார்கள். மணையில் உட்கார வைத்தே விட்டார்கள். சுற்றி அறுபது எழுபது பேர். எதிரே தங்கை மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். எனக்கு அடியில் மிஞ்சிப் போனால் இரண்டு நிமிஷம். தசையை இறுக்கினேன். இந்த முறை இறுக்கினால் நிற்கிற ஜாதி இல்லை.

எழுந்துவிட்டேன்.

மேளம் நின்றது. மாலையோடு தாய்மாமன் மணையை விட்டு எழுந்தால் நம் ஆட்களுக்கு ஒரே அர்த்தம்தான். மச்சானின் அண்ணன் முகம் கறுத்தது. "மறுபடியும் கோவிச்சுக்கிட்டாரா?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல். தங்கையைப் பார்த்தேன். அவள் இரண்டு கைகளையும் வாயில் வைத்துக்கொண்டு, என்ன குறை வைத்தோம் என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

"யாரும் தப்பா நெனைக்காதீங்க!" என்று கத்தினேன். "எனக்குக் கோபம் கெடையாது. யார் மேலயும் கெடையாது. எனக்கு இப்ப கக்கூஸ் போகணும். போகலன்னா இங்கயே ஆயிடும்!"

முதலில் குருக்கள்தான் வாயைத் திறந்தார். "போய்ட்டு வாங்கோ, நேரம் இருக்கு."

ஓடினேன். அறுபத்து மூன்று வயதில், புது வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு, சமையல் கொட்டகையைத் தாண்டி, வடை சுட்டுக்கொண்டிருந்தவர்கள் கரண்டியோடு திரும்பிப் பார்க்க ஓடினேன். பின்னாலேயே ஓடி வந்த தங்கை, கதவருகில் என் கழுத்திலிருந்து மாலையைக் கழற்றிக்கொண்டாள். சாமி மாலையோடு உள்ளே போகக் கூடாது அல்லவா. கதவைச் சாத்தினேன். எட்டிவிட்டேன்! அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷம் பந்து கோலுக்குள் விழும்போதுகூட வந்தது இல்லை.

"அண்ணே, ஒடம்புக்கு என்ன?" கதவுக்கு வெளியே தங்கை குரல்.

முகம் பார்க்காமல் பேசுவது சுலபமாக இருந்தது.

"உள்ள வெச்ச பை பழசாயிடுச்சும்மா. ஒழுகுது. ரெண்டு வருஷமா. அதான் எங்கயும் வரல."

அவள் குரல் கதவுக்கு இன்னும் நெருங்கி வந்தது.

"அப்ப பத்திரிகையில பேரு கீழ போனதுக்கு இல்லையா?"

"அந்தப் பத்திரிகைய நான் படிக்கவே இல்ல."

அவள் அழ ஆரம்பித்தாள். "ரெண்டு வருஷமா நான் அவரோட சண்ட போட்டுக்கிட்டு இருக்கேண்ணே. உங்க வீட்டு ஆளுங்களாலதான் எங்க அண்ணன் வாசப்படி மிதிக்கலன்னு. நான் என்ன தப்பு செஞ்சேன்னு யோசிச்சு யோசிச்சு... ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

ஒழுகிய எந்த நாளிலும் நான் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. என் வேட்டியின் மானத்தைக் காப்பாற்ற, என் கூடப் பிறந்தவளை இரண்டு வருஷம் செய்யாத தப்புக்குக் கண்ணீர் விட வைத்திருக்கிறேன். "சொல்லியிருக்கணும்மா" என்றேன்.

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "சரி, சீக்கிரம் வாங்க, பத்து நிமிஷம்தான் இருக்கு" என்றாள். உடனே, "அவசரப்படாதீங்க, நல்லா கழுவிட்டு மெதுவா வாங்க" என்றும் சொன்னாள்.

கையும் காலும் கழுவி வெளியே வந்ததும் அவளே மாலையைத் திரும்பப் போட்டுவிட்டாள். மணையில் உட்கார்ந்தேன். பிள்ளையை மடியில் வைத்தார்கள்.

அரிசியைவிட லேசு! ஆனால் அரிசி மீசையைப் பிடித்து இழுக்காது. பதினொரு மாதக் குட்டி ராணி என் மூக்கு, மாலைப் பூ, பத்தரின் ஊசி எல்லாவற்றையும் ஆராய்ந்தாள். வலது காதில் ஊசி இறங்கியதும் கோயிலே அதிர ஒரு அலறல். கூடவே ஒரு உதை. முப்பது வருஷத்துக்கு முன்னால் அவள் அம்மா உதைத்த அதே இடத்தில். நான் இறுக்கினேன். ஒத்திகையில் இறுக்கியது போலவே இறுக்கினேன். ஆனாலும் கொஞ்சம் ஒழுகியது. எனக்குத் தெரிந்தது. பேட் தாங்கிக்கொண்டது, மிஸ்ஸி சொன்ன பக்கம்தான் வைத்திருந்தேன்.

முன்பு என்றால், கோயில் முழுக்க நாற்றம் அடிக்கிறது என்று நினைத்து எழுந்து ஓடியிருப்பேன். இப்போது எதற்கு ஓட? எல்லாருக்கும்தான் தெரியுமே. "ம், அடுத்த காது!" என்று நானே சத்தம் போட்டேன். கூட்டம் சிரித்தது. பத்தரை ஆவதற்குள் இடது காதும் முடிந்தது. என் பிள்ளை, ஆமாம், என் பிள்ளைதான், அழுகையை நிறுத்திவிட்டு என் தோளில் எச்சில் வடித்தாள். அவளும் ஒழுகுகிற ஆள்தான்.

உடை மாற்றிக்கொண்டு பந்திக்குப் போனேன். முன்வரிசையில், மச்சானின் அண்ணனுக்குப் பக்கத்தில், எனக்கு இலை போட்டு வைத்திருந்தார்கள். உட்காரப் போனவனைத் தங்கை வந்து கையைப் பிடித்து நிறுத்தினாள். கடைசி வரிசைக்கு, கடைசி நாற்காலிக்கு, பின்கதவை ஒட்டி இருந்த இடத்துக்குக் கூட்டிப் போனாள். அங்கிருந்து பார்த்தால் சமையல் கொட்டகைக்கு அப்பால் அந்தக் கக்கூஸ் கதவு நேராகத் தெரியும்.

"தாய்மாமனைப் போய்க் கடைசியில உக்கார வெக்கிறீங்களே, நல்லாவா இருக்கு?" என்று யாரோ உறவுக்காரர் கேட்டார்.

"எங்க அண்ணனுக்கு இதுதான் நல்ல எடம்" என்றாள் தங்கை. அதற்கு மேல் அவருக்கு விளக்கம் சொல்லவில்லை.

வெறும் சோறு, தயிர், இரண்டு வாழைப்பழம் அவளே கொண்டுவந்து வைத்தாள். சாம்பார் வாளியோடு வந்த ஆளைக் கையாட்டி அனுப்பிவிட்டாள். "மன்னிச்சுக்கம்மா" என்றேன். "மொதல்ல சாப்பிடுங்க" என்றாள். பிறகு என் இலைக்குப் பக்கத்தில் இன்னொரு இலை போட்டு, முன்வரிசையில் அவளுக்கென்று வைத்திருந்த இடத்தை விட்டுவிட்டு, அவளும் உட்கார்ந்துகொண்டாள்.

வடை கேட்டேன். பாதியைப் பிய்த்து என் இலையில் வைத்துவிட்டு, மீதியை அவள் தின்றாள்.